சிறிய டிராம்போனுக்கு மாறியதும் அதற்கு ஒரு மவுத்பீஸ் தேடியதும்

என் இடது மணிக்கட்டுதான் இந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தது. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி இசைக்குழுவில் இணைப்பாட நடவடிக்கையாக டிராம்போன் என்னும் பித்தளை ஊதுகருவியைக் கையில் எடுத்த நாளிலிருந்து, தேசிய சேவைக்குப் பின் விட்டுப்போன நான்கைந்து ஆண்டுகளைத் தவிர, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஊதி வருகிறேன். அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் பெரிய கருவியோடுதான் கழிந்தன. பின்புறத்தில் எஃப் அட்டாச்மென்ட் என்னும் கூடுதல் குழாய்ச் சுருளும், கட்டைவிரலால் அழுத்தும் டிரிக்கரும் கொண்ட டெனர் டிராம்போன் அது. இந்தக் கருவியின் பாரம் முழுவதையும் இடக்கைதான் சுமக்க வேண்டும். வலக்கைக்கு ஸ்லைடை, அதாவது நீட்டியும் இழுத்தும் ஸ்வரத்தை மாற்றும் குழாயை, நகர்த்துவது ஒன்றுதான் வேலை. நாற்பத்தாறாம் வயதில் மணிக்கட்டில் வலி வந்து, பிறகு அது கட்டைவிரலின் அடிப்பகுதியில் நிரந்தரமாகக் குடியேறியபோது, இயன்முறை மருத்துவர் இரண்டே வழிகளைச் சொன்னார்: ஊதும் நேரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது தூக்கும் எடையைக் குறைக்க வேண்டும். அதே மாதத்தில் சமூக மன்றத்தில் பயிற்சி செய்யும் ஒரு ஜாஸ் பெருங்குழுவில் இரண்டாம் டிராம்போன் இருக்கை காலியானது. ஜாஸ் குழுவில் யாரும் பெரிய கருவியை எதிர்பார்ப்பதில்லை. இரண்டு காரணங்களும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, பயன்படுத்தப்பட்ட கிங் 3பி என்னும் சிறிய டிராம்போன் ஒன்றை வாங்கினேன்.

சிறிய டிராம்போன் என்றதும் நீளத்தில் குட்டையான கருவி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குட்டையான வகையும் உண்டு. இ-பிளாட்டில் அமைந்த ஆல்டோ டிராம்போன் அப்படிப்பட்டது. நான் சொல்வது அதையல்ல. பி-பிளாட் டெனர் டிராம்போன் எதுவாக இருந்தாலும் குழாயின் நீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர்தான், பெரியதற்கும் சிறியதற்கும் அதில் வேறுபாடு கிடையாது. வேறுபடுவது போர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் 'போர் போடுகிறோம்' என்கிறோமே, அதே போர்தான். ஸ்லைடுக் குழாயின் உள்விட்டம். என் பழைய கருவியின் போர் 0.547 அங்குலம், அதாவது 13.89 மில்லிமீட்டர். கிங் 3பியின் போர் 0.508 அங்குலம், அதாவது 12.9 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வேறுபாட்டைக் கேட்டு என் மனைவி சிரித்தார். ஆனால் காற்று செல்லும் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 14 விழுக்காடு குறைந்துவிடுகிறது. பெல் எனப்படும் விரிந்த வாயும் எட்டரை அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாகச் சுருங்குகிறது. பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் யமஹா 354 இன்னும் சற்றுக் குறுகலானது. அதன் போர் 0.500 அங்குலம்.

எனக்கும் பள்ளியில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அந்த வகைச் சிறிய கருவிதான். மூன்றாம் ஆண்டில் பெரிய கருவியைக் கையில் கொடுத்தபோது பதவி உயர்வு கிடைத்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். சிறியது தொடக்கக்காரர்களுக்கு, பெரியது தேர்ந்தவர்களுக்கு என்ற எண்ணம் அன்று என் மனத்தில் ஊன்றியது, அதைப் பிடுங்கி எறிய முப்பது ஆண்டுகள் ஆயிற்று. உண்மையில் இந்தக் கருவி பிறந்ததே குறுகலாகத்தான். நியூரம்பெர்க்கில் எராஸ்முஸ் ஷ்னிட்சர் 1551ஆம் ஆண்டில் செய்த டிராம்போன் ஒன்று அந்நகரின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அக்காலக் கருவிகளின் பெல் இன்றைய பெல்லில் பாதியளவே இருக்கும். இசையமைப்பாளர் ராவெலின் பொலேரோ 1928ஆம் ஆண்டு நவம்பரில் பாரிசில் முதன்முதலாக அரங்கேறியபோது, பி-பிளாட்டில் தொடங்கி, உச்சியில் டி-பிளாட்டைத் தொட்டு, வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்த டிராம்போன் தனிப்பகுதியை ஊதியது பிரெஞ்சு மரபின் குறுகலான கருவியில்தான். பிரிட்டிஷ் இசைக்குழுக்களும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை குறுகிய போர்க் கருவிகளையே வைத்திருந்தன; பட்டாணி ஊதும் குழல் என்று பொருள்படும் கேலிப்பெயரோடுதான் பிற்காலத்தார் அவற்றை நினைவுகூர்கிறார்கள். அமெரிக்கச் சிம்பொனி இசைக்குழுக்களின் அகன்ற ஒலி அதன் பிறகுதான் உலகெங்கும் அளவுகோலாகிவிட்டது.

முதல் வியாழக்கிழமைப் பயிற்சியில் எனக்கு நேர்ந்தது அவமானம் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய கருவியில் மூச்சை எப்படிக் கொட்டுவேனோ அப்படியே இதிலும் கொட்டினேன். மெல்லிய பகுதிகளில் ஒன்றும் தெரியவில்லை. பித்தளைக் கருவிகள் அனைத்தும் ஒன்றாக எழும் இடத்தில் என் ஒலி மட்டும் தகரத்தைக் கிழித்ததுபோல் தனியாகத் தெறித்தது. பக்கத்து இருக்கையில் முதல் டிராம்போன் வாசிப்பவர் ராணுவ இசைக்குழுவில் இருந்து ஓய்வுபெற்ற தமிழர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். அவர் தாளைத் திருப்பிக்கொண்டே, "தம்பி, இது சின்ன வீடு, கூட்டுக் குடும்பத்தையே கூட்டிக்கிட்டு வந்து நுழையாதீங்க" என்றார்.

அவர் சொன்னதற்கு இயற்பியலிலும் ஆதாரம் உண்டு. டிராம்போனை மிக உரக்க ஊதும்போது, குழாய்க்குள் ஓடும் அழுத்த அலையின் முகப்பு போகப்போகச் செங்குத்தாகி, கடைசியில் அதிர்ச்சி அலையாகவே மாறிவிடுகிறது என்பதை 1996ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 'பித்தளைத்தனம்' என்று நாம் உணரும் அந்தக் கூர்மை இதனால்தான் பிறக்கிறது. குழாய் குறுகலாக இருந்தால் இந்த நிலை விரைவில் வந்துவிடும். பெரிய கருவி உரத்த ஒலியின் உச்சத்தில் காட்டும் நிறத்தைச் சிறிய கருவி நடுத்தர உரப்பிலேயே காட்டத் தொடங்குகிறது. அதனால்தான் ஜாஸ்காரர்கள் இதை விரும்புகிறார்கள். அதனால்தான் பெரிய கருவியின் பழக்கத்தோடு வருபவர் இதில் சிக்கிக்கொள்கிறார்.

'காற்றைக் குறை' என்று எல்லாரும் சொல்வார்கள். இந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு வாரங்களை வீணாக்கினேன். காற்றைக் குறைக்கிறேன் என்று வயிற்றின் பிடிப்பையும் சேர்த்துத் தளர்த்திவிட்டதால், சுருதி தொங்கியது, மேல் ஸ்வரங்கள் நடுங்கின. குறைய வேண்டியது காற்றின் அளவே தவிர அதன் பின்னால் இருக்கும் உந்துதல் அன்று என்பது பிறகுதான் விளங்கியது. இன்னொரு விநோதமும் இருந்தது. பெரிய கருவியில் ஒரு நீண்ட வாக்கியத்தை முடிக்கும்போது நுரையீரல் காலியாகியிருக்கும். உடனே புது மூச்சு எடுத்துக்கொள்ளலாம். சிறிய கருவியிலோ வாக்கியம் முடியும்போது உள்ளே பாதி மூச்சு அப்படியே தங்கிக்கிடக்கும். அதன் மேலேயே அடுத்த மூச்சையும் எடுத்து அடுக்கினால், மூன்றாம் வாக்கியத்தில் மூச்சு இருந்தும் மூச்சு முட்டும். ஓபோ என்னும் குழல்கருவி வாசிப்பவர்களுக்கு நன்கு தெரிந்த தொல்லையாம் இது, எனக்குப் புதிது. இப்போது தாளில் மூச்சுக்குறி போடும் இடங்களில் சிலவற்றில் மேல்நோக்கிய சிறு அம்பு ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் உள்ளே இழுப்பதற்கு முன் பழைய காற்றை வெளியே விட வேண்டும் என்பது அதன் பொருள்.

வலக்கைக்கும் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. சிறிய கருவியின் ஸ்லைடு எடை குறைந்தது என்பதால், பழைய விசையோடு தள்ளினால் நிற்க வேண்டிய நிலையைத் தாண்டிப் போய்விடுகிறது (ஸ்லைடு நிற்கும் ஏழு இடங்களைத்தான் நிலைகள் என்கிறோம்). இது ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. சரியாகாதது டிரிக்கர் இல்லாத குறை. பி-பிளாட்டிலிருந்து அதற்கு அடுத்த அரைச்சுரமான பி-நேச்சுரலுக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவில் அது பக்கத்துக் கட்டை. டிரிக்கர் உள்ள டிராம்போனில் கட்டைவிரலை அழுத்தி, ஸ்லைடை இரண்டாம் நிலைக்குச் சற்று அப்பால் நகர்த்தினால் போதும். டிரிக்கர் இல்லாத கருவியில், கீழ்த்தொகுதியின் பி-பிளாட் முதல் நிலையிலும் பி-நேச்சுரல் ஏழாம் நிலையிலும் இருக்கின்றன. அதாவது ஸ்லைடு முழுவதும் உள்ளே இருக்கும் இடத்திலிருந்து, கை போகக்கூடிய கடைசி எல்லைவரை, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் பாய வேண்டும். எங்கள் குழுவின் தொகுப்பில் உள்ள ஒரு பாட்டில் இந்த இரண்டு ஸ்வரங்களும் அடுத்தடுத்து நான்கு முறை வருகின்றன. அந்தப் பாட்டை எழுதியவர் டிராம்போனைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார் என்பது என் உறுதியான கருத்து. தோளை அசைக்காமல் முழங்கையிலிருந்து கையை வீசி, கடைசி ஐந்து சென்டிமீட்டரை விரல்நுனிகளால் மட்டும் தள்ளிவிடுவது என்ற உத்தியை அண்ணன் காட்டிக்கொடுத்த பிறகு, நான்கில் மூன்று முறை சரியாக விழுகிறது.

டிரிக்கரோடு சேர்ந்து கீழே இ-பிளாட், டி, டி-பிளாட், சி ஆகிய நான்கு ஸ்வரங்களும் போய்விட்டன. ஏழாம் நிலையின் இ-யோடு வழக்கமான ஒலிவரம்பு முடிந்துவிடும்; அதற்குக் கீழே ஒரு பள்ளம், பிறகு பெடல் எனப்படும் மிக ஆழ்ந்த அடிஸ்வரங்கள். ஜாஸ் குழுவின் இரண்டாம் டிராம்போனுக்கு அந்த ஸ்வரங்கள் அரிதாகவே வரும். வந்தால் நான்காம் இருக்கையில் பாஸ் டிராம்போன் ஊதுபவரைப் பார்த்துப் புன்னகைப்பேன்.

சுருதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மவுத்பீஸ், அதாவது உதட்டை வைத்து ஊதும் கிண்ணம் போன்ற வாய்ப்பகுதி, அதன் தேர்வு முழுக்க முழுக்க இதோடு பிணைந்தது. எந்த டிராம்போனிலும், ஸ்லைடை நகர்த்தாமல் உதட்டால் மட்டும் எழுப்பும் இயற்கையான மேற்சுரங்கள், பியானோவில் நாம் பழகிய சமச்சுருதியோடு அப்படியே ஒத்துப்போவதில்லை. முதல் நிலையில் ஐந்தாம் மேற்சுரமாகிய டி சற்றே தாழ்ந்து ஒலிக்கும். கணக்குப்படி 14 சென்ட், அதாவது ஓர் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. ஏழாம் மேற்சுரம் அதைவிடவும் அதிகமாக, 31 சென்ட் தாழ்ந்து இருக்கும்; ஆகவே மேல் ஜி-க்கு இரண்டாம் நிலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்கிறோம். இது பொது விதி. ஒவ்வொரு கருவியும் தன் வார்ப்பிற்கேற்ப இந்த விதியிலிருந்து விலகும்; அந்த விலகல்களை என் கை முப்பது ஆண்டுகளாகப் பழைய கருவியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. புதிய கருவியில் அந்த மனப்பாடமே எனக்கு எதிரியானது. மேல் எஃப் பழைய கருவியைவிடத் தெளிவாக உயர்ந்து ஒலித்தது, ஆனால் கையோ பழைய இடத்திலேயே போய் நின்றது. தம்புரா செயலியில் பி-பிளாட்டை ஓடவிட்டு, டியூனரின் முள்ளைப் பார்க்காமல், ஒவ்வொரு ஸ்வரமும் அதோடு இழையும்வரை ஸ்லைடை நகர்த்தித் தேடினேன். முதல் ஆறு வாரங்களுக்கு இதைத் தவிர வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு பலன் தரவில்லை.

அந்த ஆறு வாரங்களும் கருவியோடு பெட்டியில் வந்த மவுத்பீஸையே பயன்படுத்தினேன் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது பாக் 12சி என்ற அளவில் செய்யப்பட்ட ஒரு சாதாரணப் பொருள். எனக்குச் சிறியது என்று முதல் நாளே தெரியும். இருந்தாலும் மாற்றவில்லை. கருவியும் புதிது, மவுத்பீஸும் புதிது என்றால், எந்தக் கோளாறு எதனால் வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. என்னுடைய மூச்சுப் பழக்கம் மாறுவதற்கு முன்பே மவுத்பீஸைத் தேடிப் போயிருந்தால், என் தவறான மூச்சுக்குப் பொருத்தமான ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

ஆறாம் வாரத்தில்தான் தேடல் தொடங்கியது, தொடங்கியதும் ஓர் இழப்போடு. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'டெனர் டிராம்போனுக்கு' என்ற குறிப்பை நம்பி ஒரு நல்ல மவுத்பீஸை வாங்கினேன். வந்ததைக் கருவியில் செருகிப் பார்த்தால், நுனி மட்டும் உள்ளே போய்ப் பல் ஆடுவதுபோல் ஆடியது. கருவிக்குள் நுழையும் அடித்தண்டை ஷாங்க் என்பார்கள். டெனர் டிராம்போனில் பெரிய ஷாங்க், சிறிய ஷாங்க் என இரண்டு முதன்மையான வகைகள் உள்ளன. 0.547 போர் கொண்டவற்றுக்குப் பெரியது, 0.508, 0.500 போர் கொண்டவற்றுக்குச் சிறியது. சிறிய ஷாங்க் மவுத்பீஸைப் பெரிய கருவியில் பொருத்த இடைவளையம் கிடைக்கும். பெரியதைச் சிறிய கருவிக்குள் நுழைக்க வழி எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகளாக ஊதியும் இதை மறந்துபோய் வாங்கினேன் என்றால், புதிதாக வருபவர்கள் ஏமாறுவதில் வியப்பில்லை. திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, உதட்டில் பட்ட பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று பதில் வந்தது. உதட்டில் படவே இல்லை என்பதை அவர்களுக்கு எப்படி நிரூபிப்பது?

எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. பாக் நிறுவனத்தின் முறையில் எண் குறையக் குறைய, உதடு படும் விளிம்பின் விட்டம் கூடும்: 12சி 24.5 மில்லிமீட்டர், ஆறரை ஏஎல் 25.4 மில்லிமீட்டர், 5ஜி 25.5 மில்லிமீட்டர். பின்னால் வரும் எழுத்து கிண்ணத்தின் ஆழத்தைக் குறிக்கும். ஏ ஆழமானது, சி ஆழம் குறைந்தது. யமஹா, ஷில்கி முறைகளில் இது தலைகீழ். எண் கூடினால் விட்டமும் கூடும். டெனிஸ் விக் மவுத்பீஸ்களில் கடைசி எழுத்தே ஷாங்கைச் சொல்லிவிடும்: எல் என்றால் பெரியது, எஸ் என்றால் சிறியது. இந்த விஷயத்தில் அவர்களுடைய முறைதான் எனக்குப் பிடித்தது. லண்டன் சிம்பொனி இசைக்குழுவில் முதல் டிராம்போன் வாசித்தவர் தொடங்கிய நிறுவனம் என்பதால், வாசிப்பவரின் தொல்லை தெரிந்திருக்கிறது போலும்.

நாதசுவரக் கலைஞர்கள் கருவியோடு சீவாளிக் கொத்தைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைய சுருதிக்கும் உதட்டுக்கும் ஏற்றது எதுவோ அதை எடுத்துச் செருகிக்கொள்வார்கள். உலோக மவுத்பீஸ் சீவாளியைப் போல் தேய்வதில்லை, நனைந்து இளகுவதும் இல்லை. ஆகவே அது நம்மோடு ஒத்துப்போகாது. நாம்தான் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அதோடுதான் வாழ வேண்டும்.

குழுவில் இருப்பவர்களிடமும் பழைய நண்பர்களிடமும் கடன் வாங்கி, சிறிய ஷாங்கில் நான்கை ஒரே மேசையில் சேர்த்தேன்: ஏற்கெனவே இருந்த 12சி, அதைவிடச் சற்றே அகன்ற 11சி, ஆறரை ஏஎல், 5ஜி. பெரிய கருவியில் நான் ஊதுவது 5ஜி என்பதால், அதே விளிம்பு சிறிய ஷாங்கிலும் கிடைக்கிறதே, அதுதான் விடை என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தேன். முதல் ஐந்து நிமிடம் அது சொர்க்கமாக இருந்தது. உதடு தன் வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்தது, ஒலி திரண்டு வந்தது. தம்புராவைப் போட்டதும் சாயம் வெளுத்தது. கீழ்த்தொகுதி பி-பிளாட் சரியாக இருக்க, ஓர் எண்மம் (ஸ்தாயி) மேலே போனால் தாழ்ந்தது. அதற்கும் மேலே போனால் இன்னும் தாழ்ந்தது. கிண்ணத்தின் கொள்ளளவு கருவி எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இருந்தால் மேல் ஸ்வரங்கள்தான் முதலில் தொங்கும். போதாததற்கு, தொண்டை எனப்படும் உள்துளையும் அகலம் என்பதால், சிறிய கருவியை வாங்கியதன் பயனே இல்லாமல், பெரிய கருவியின் மங்கலான நகல் ஒன்று கையில் இருந்ததுபோல் இருந்தது. தன் பெரிய மவுத்பீஸை விட மனமில்லாமல் சிறிய கருவிக்கும் அதையே மாட்டிக்கொள்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் இரண்டு கருவிகளுக்குப் பணம் கொடுத்து ஒன்றை மட்டும் ஊதுகிறார்கள்.

12சி இதற்கு நேரெதிர். சுருதி எல்லாத் தொகுதிகளிலும் அழகாக நின்றது, மேல் ஸ்வரங்கள் பளிச்சென்று விழுந்தன. ஆனால் என் உதட்டின் சதைப்பகுதி விளிம்புக்குள் முழுதாக அடங்கவில்லை. இருபது நிமிடத்தில் மேலுதட்டில் சிவப்பு வளையம், நாற்பது நிமிடத்தில் கீழ் ஸ்வரங்கள் மூக்கடைத்ததுபோல். ஒரு மில்லிமீட்டர் குறைவு என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை, உதட்டிலோ ஒரு செருப்பு அளவு குறைந்ததுபோல் கடிக்கிறது.

மீதி இரண்டுக்கும் இடையில் தீர்மானிக்க முடியாமல் இருந்தபோது என் மகளைத் துணைக்கு அழைத்தேன். நான் கண்ணை மூடிக்கொள்ள, அவள் ஏதாவது ஒன்றைக் கருவியில் செருகிக் கொடுப்பாள். நான் ஊதுவது எப்போதும் அதே மூன்று: மிக மெல்லிய நடு எஃப், இரண்டு எண்மத் தாவல், எங்கள் குழுவின் ஒரு பல்லவியிலிருந்து எட்டுத் தாள அளவுகள். நான்கு மீட்டர் தள்ளிப் புத்தக அலமாரியில் வைத்த கைப்பேசி பதிவு செய்யும். அவள் வரிசையைத் தாளில் குறித்துக்கொள்வாள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பக்கத்து வீட்டாருக்காகப் பயிற்சி மியூட் என்னும் ஒலியடக்கி போட்டே பழகியவன் நான் என்றாலும் இந்தச் சோதனைக்கு அதை எடுத்துவிட்டேன்; மியூட் தானே ஒரு தடையை உண்டாக்குவதால் மவுத்பீஸின் தடையை மறைத்துவிடும். சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அண்டை வீட்டாரிடம் முன்னரே சொல்லிவிட்டு ஊதினேன். ஒரே அமர்வில் மூன்று சுற்றுக்கு மேல் போகவில்லை, ஏனெனில் அதன் பிறகு உதடு களைத்து எல்லாமே ஒன்றுபோல் தெரியும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதையே திரும்பச் செய்தோம். மூன்றாம் நாள் அவள், "அப்பா, உங்களுக்குப் புடிச்சதா நீங்க சொல்றது ஒண்ணு, கேக்க நல்லா இருக்கிறது இன்னொண்ணு" என்றாள். தாளைப் பார்த்தேன். கண்ணை மூடி ஊதும்போது வசதியாக இருக்கிறது என்று ஐந்து முறை நான் சொன்னது 11சி. பதிவில் கேட்டபோது, எது எது என்று தெரியாமலேயே நான் தேர்ந்தெடுத்தது ஆறரை ஏஎல்.

காரணம் தேடிப் பார்த்தபோது இப்படித் தோன்றியது. 11சியின் ஆழம் குறைந்த கிண்ணம் ஒலியை உடனுக்குடன் என் காதுக்குத் திருப்பித் தருகிறது. ஊதுபவருக்கு அந்தப் பளபளப்பு நம்பிக்கை கொடுக்கிறது. நான்கு மீட்டர் தொலைவில் அது மெலிந்து, பல்லவியின் நீண்ட ஸ்வரங்களில் நடுப்பகுதி காணாமல் போகிறது. ஆறரை ஏஎல் ஊதும்போது சற்று மந்தமாகத் தெரிந்தாலும் அறைக்குள் உருண்டு நிற்கிறது. அதன் விளிம்பு என் பழைய 5ஜியிலிருந்து 0.1 மில்லிமீட்டர்தான் வேறுபடுகிறது, அதனால் உதடு எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கிண்ணமும் தொண்டையும் மட்டும் சிறிய கருவிக்கேற்பக் குறுகியிருக்கின்றன. விளிம்பு உதட்டுக்கு, கிண்ணமும் தொண்டையும் கருவிக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால், இந்த முடிவுக்கு மேசையில் உட்கார்ந்தே வந்திருக்கலாம். எனினும் ஊதிப் பார்க்காமல் நம்பியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

மேல் எஃபின் உயர்வு மட்டும் முழுமையாகத் தீரவில்லை. என் கருவி பழையது என்பதால் மவுத்பீஸ் செருகும் வாய் சற்றுத் தேய்ந்து, ஷாங்க் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போகிறது. அண்ணன் தன் சட்டைப்பையிலிருந்து பேருந்துச் சீட்டளவு மெல்லிய காகிதத்தை எடுத்து, ஷாங்கைச் சுற்றி ஒரே ஒரு மடிப்பு சுற்றிச் செருகச் சொன்னார். மவுத்பீஸ் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றது. எஃப் ஓரளவு அடங்கியது. ஸ்வரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் இடங்களும் முன்பைவிட உறுதியாகப் பிடிபட்டன. இது நிரந்தரத் தீர்வன்று. கருவியின் வாயைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். ஆனால் கொடுப்பதற்கு முன்பே, சரிசெய்தால் என்ன கிடைக்கும் என்பதைக் காசு செலவில்லாமல் காட்டிவிட்டது அந்தக் காகிதம்.

பெரிய கருவியை விட்டுவிடவில்லை. இடக்கையில் தாங்குவதற்கு ஒரு பட்டை வாங்கிக்கொண்டு, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காற்றிசைக் குழுவில் அதையே ஊதுகிறேன். ஒரே நாளில் இரண்டையும் தொட வேண்டியிருந்தால் பெரியதை முதலில் எடுப்பேன். பெரியதிலிருந்து சிறியதற்கு வரும்போது கால் மணி நேரத்தில் மூச்சு ஒடுங்கிவிடுகிறது. சிறியதிலிருந்து பெரியதற்குப் போனாலோ ஒலி விரிவதற்குள் ஒத்திகையில் பாதி முடிந்துவிடும். 12சியைப் பள்ளி இசைக்குழுவில் புதிதாகச் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு வயது உதட்டுக்கு அது சரியாகப் பொருந்தியிருக்கிறது. 11சியை உரியவரிடம் இன்னும் திருப்பித் தரவில்லை. அண்ணன் ஊருக்குப் போகும் வாரங்களில் முதல் டிராம்போன் நாற்காலி என்னிடம் வருகிறது. அந்தத் தாள்களில் மேல் பி-பிளாட்டுக்கு மேலேயே பாதிப் பாட்டு ஓடுவதால், அன்றைக்கு மட்டும் அதைச் சட்டைப்பையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போகிறேன்.